ஆற்றுக்கும் மலைக்கும் ஒரே முதுகுப்பை

தில்லி வாழ்க்கையின் சிரமங்களைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்மவர்கள் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள். வெயில், குளிர், புகை, நல்ல வெற்றிலை கிடைக்காத குறை என்று பட்டியல் நீளும். ஒரு வசதியை மட்டும் மறந்துவிடுவார்கள். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறினால், பொழுது விடியும் வேளையில் ரிஷிகேசத்தில் கங்கைக் கரையில் நிற்கலாம். சென்னைவாசிக்கு இந்தப் பாக்கியம் ஏது?

முன்பெல்லாம் அந்தப் பஸ்ஸில் போனவர்கள் கையில் பித்தளைச் செம்பு இருக்கும். இப்போது கரோல் பாக்கிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் புறப்படும் பிள்ளைகள் துடுப்புப் போடவும் மலையேறவும் போகிறார்கள். டெஹ்ரி அணையின் ஏரியில் இரண்டு நாள் ஓடம், பிறகு நாக் டிப்பா சிகரத்துக்கு இரண்டு மூன்று நாள் நடை என்று இரண்டையும் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்களும் உண்டு. அப்போதுதான் வீட்டில் கேள்வி எழுகிறது: எந்தப் பையை வாங்குவது?

ஆற்றையும் மலையையும் ஒரே பயணத்தில் சேர்த்த பெரிய முயற்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1977ஆம் ஆண்டு எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹில்லாரி, கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து அதன் மூலத்தை நோக்கி மூன்று விசைப் படகுகளில் எதிர்நீச்சல் போட்டார். அந்தப் படகுகளில் ஒன்றுக்கு ‘ஏர் இந்தியா’ என்றே பெயர். கேப்டன் கோலி முதலிய இந்திய மலையேற்ற வீரர்களும் உடன் சென்றனர். அலக்நந்தாவில் நந்தப்பிரயாகையருகே ஓர் அருவி குறுக்கிட்டது. படகுகள் அதற்கு மேல் போகவில்லை. அங்கிருந்து பத்ரிநாத் பக்கம் சென்று மலை ஏறத் தொடங்கினார்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் ஹில்லாரி கடும் நோய்வாய்ப்பட, ஹெலிகாப்டரில் இறக்கிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே ஹில்லாரி 1985இல் நியூசிலாந்தின் ஹைகமிஷனராகத் தில்லிக்கே வந்து சேர்ந்தது வேறு கதை.

ஹில்லாரிக்குப் பின்னால் ஒரு படையே இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு இருப்பது ஒரு முதுகுதான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மலைக்கு ஏற்ற பை ஆற்றுக்கு ஆகாது. ஆற்றுக்கு ஏற்ற பை மலையில் முதுகை ஒடித்துவிடும்.

மலைப் பையின் இலட்சணம் என்ன? அது உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். உள்ளே அலுமினியத் தகடோ, விறைப்பான அட்டையோ இருந்து முதுகின் வளைவுக்கு இசைந்து நிற்கும். இடுப்பில் பட்டையான கச்சை. சுமையின் பெரும்பகுதி தோளில் அல்ல, இந்தக் கச்சையின் வழியாக இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். தோள்பட்டைகள் பையைப் பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளத்தான். கச்சை இல்லாத பையில் பன்னிரண்டு கிலோவைப் போட்டுக்கொண்டு ஏறிப் பார்த்தால், இரண்டாவது மணி நேரத்தில் இதன் அருமை புரியும்.

ஓடக்காரன் பை இதற்கு நேர் எதிர். கனடாவின் ஆறுகளில் தோல் வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரத் துடுப்பாளிகள், ஓடம் போக முடியாத இடங்களில் 90 பவுண்டு மூட்டைகளை இரண்டிரண்டாகச் சுமந்து கரையோடு நடந்தார்கள். சுமையைத் தாங்கியது நெற்றியில் மாட்டிய ஒரு பட்டை. இமயத்தில் நேபாளிக் கூலியாட்கள் மூங்கில் கூடையை இன்றும் அப்படித்தான் தூக்குகிறார்கள்; அந்தப் பட்டைக்கு ‘நாம்லோ’ என்று பெயர். நமக்கு நெற்றி வழக்கமில்லை. சும்மாடு வைத்துத் தலையில் தூக்குவோம், அல்லது காவடியாகத் தோளில் போடுவோம். ஒகேனக்கல்லில் பரிசலையே தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கும் பரிசல்காரரைப் பார்த்தவர்களுக்கு, ஆறும் நடையும் கலந்த பிழைப்பு புதிதல்ல.

1882இல் அமெரிக்காவின் துலூத் நகரில் கமில் புவாரியே என்பவர் ஓடத்துக்கென்றே ஒரு கான்வாஸ் பைக்குக் காப்புரிமை பெற்றார். தோள்பட்டையும் உண்டு, நெற்றிப்பட்டையும் உண்டு. குடை செருக ஓர் இடம்கூட வைத்திருந்தார் மனிதர்! அகலமாக, குட்டையாக, சட்டமே இல்லாமல் இருந்ததால் ஓடத்தின் வயிற்றில் சாக்குமூட்டை போல் படிந்து உட்கார்ந்தது. பாரம் தாழ்வாக இருந்தால்தான் ஓடம் ஆடாது. உயரமான பையை நிமிர்த்தி வைத்தால் ஓடம் கவிழ அதுவே காரணமாகும். வெளியே இரும்புச் சட்டம் துருத்தும் பையோ ரப்பர்ப் படகைக் கிழிக்கும்.

ஆக, இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது? என் அபிப்பிராயம் இது. கடைக்குப் போகுமுன், பயணத்தில் மூட்டையைத் தூக்கப்போவது யார் என்று விசாரியுங்கள். ரிஷிகேசத்துக்கு மேலே பத்ரிநாத் சாலை கங்கையை ஒட்டியே போகிறது. அங்கே மிதவைப் படகு விடும் நிறுவனங்கள் பலவும் சாமான்களை ஜீப்பில் அனுப்பிவிடுகின்றன. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது நல்ல மலைப் பை மட்டுமே. ஓடத்தில் மூட்டையும் கூட வருகிறதென்றால், நாளுக்கு எத்தனை மணி நேரம் நடை என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் பட்டை வைத்த வாட்டர்ப்ரூஃப் மூட்டைப் பையே போதும். அதற்கு மேல் என்றால் மலைப் பையை வாங்கி, அதற்குள் நீர் புகாத உறை ஒன்றைப் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பஹாட்கஞ்சிலும் சதர் பஜாரிலும் கடைக்காரர் ‘பக்கா வாட்டர்ப்ரூஃப் ஹை’ என்று சத்தியம் செய்வார். துணியைப் பொறுத்தவரை அவர் சொல்வது பாதி உண்மை. நைலான் துணியின் உட்புறம் பூச்சு இருக்கும். தண்ணீர் அதன் வழியாக வராது. வருவது தையல் ஊசி போட்ட ஓட்டைகளின் வழியாகவும் ஜிப்பின் பற்களின் வழியாகவும். கூடவே கொடுக்கும் மழை உறையை நம்பி ஓடத்தில் ஏறாதீர்கள். அது மேலிருந்து விழும் மழைக்குத்தான். முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். ஓடத்தின் அடியில் தேங்கும் நீரில் பை கிடந்தால், உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் காப்பதுதான் அந்த உறை செய்யும் உபகாரம்.

உள்ளே போடும் பை, வாயை மூன்று முறையாவது சுருட்டி மடித்துக் கொக்கி போடும் வகையாக இருக்கட்டும். சுருட்டுமுன் காற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும். வாங்கியதும் வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். பழைய செய்தித்தாள்களை உள்ளே திணித்து மூடி, ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பத்திரிகை ஈரமாகாமல் வெளிவந்தால் பை தேறிவிட்டது. கயாக் எனப்படும் மூடிய ஓடமானால் அதன் வாய் சிறியது. ஒரே பெரிய உறைக்குப் பதில் நாலைந்து சிறிய உறைகள் வேண்டும். காலி முதுகுப்பையையும் சுருட்டி உள்ளே செருகிவிடலாம்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்கலாம். நாக் டிப்பா சுமார் 3,000 மீட்டர் உயரம். பகலில் வியர்க்கும், இரவில் பல் கிட்டும். மாலையில் தூக்கப் பையை உதறும்போது அது பிழிந்தால் சொட்டுகிற நிலையில் இருந்தால், மேலே கடையும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. உடம்பின் சூடு இறங்கத் தொடங்கினால் முதலில் நடுக்கம், பிறகு நாக் குழறல், தள்ளாட்டம், கடைசியில் மயக்கம். உயிரே போகும் விஷயம். இதனால்தான் தூக்கப் பையையும் ஒரு மாற்று உடையையும் தனி உறையில் கட்ட வேண்டும் என்கிறார்கள். பறவையின் மென்னிறகு அடைத்த தூக்கப் பை நனைந்தால் உருண்டைகளாகி உபயோகமற்றுப் போகும். செயற்கைப் பஞ்சு கனம்தான், ஆனாலும் ஈரத்திலும் ஓரளவு கதகதப்புத் தரும். ஆற்றுப் பயணத்துக்கு அதுவே மேல்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஓடத்தில் இருக்கும்போது முதுகுப்பையை ஒருபோதும் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கவிழ்ந்தால் அது ஆளைக் குப்புறத் தள்ளும். இடுப்புக் கச்சை பூட்டியிருந்தால் தண்ணீருக்குள் அவிழ்ப்பது எளிதல்ல. உடம்பில் இருக்க வேண்டியது மிதவைச் சட்டை மட்டுமே. பையை ஓடத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். தொங்கும் பட்டைகளையும் கயிற்றின் நுனிகளையும் உள்ளே செருகிவிடுங்கள். காலில் சிக்க ஒரு சுருக்கு போதும். மலைப் பாதையில் ஓடையை நடந்து கடக்கும்போதும் இதே கதைதான். இறங்குமுன் இடுப்புக் கச்சையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். கால் வழுக்கினால் பையை உதறிவிடலாம். பை போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் நம்மவர்களுக்குப் பேராசை அதிகம். நாலு நாள் பயணத்துக்கு 50 முதல் 60 லிட்டர் கொள்ளும் பை தாராளம். 80 லிட்டர் வாங்கினால் அம்மா முறுக்கு டப்பாவால் மீதி இடத்தை நிரப்பிவிடுவார். புதியவர்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமலிருப்பது நல்லது. அறுபது கிலோ ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ, பையின் எடையும் சேர்த்து.

உயரமான ஆளுக்குப் பெரிய பை என்பதும் சரியல்ல. பார்க்க வேண்டியது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இரண்டு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பை இணைக்கும் கோடு வரை டேப்பால் அளந்து, அந்த அளவுக்குப் பொருந்தும் பையைக் கேளுங்கள். பெண்களுக்கென்று கச்சையின் வடிவம் மாறிய பைகளும் வருகின்றன. கடைக்குப் போகும்போது ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்து, கடைப் படிக்கட்டில் நாலு தடவை ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். காலிப் பை எல்லோருக்கும் சுகமாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்தபின் பையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தில்லியின் ஜூன் வெயிலில் மாடியில் நாள்கணக்கில் காயப் போட்டால் உட்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். ஈரத்தோடு பரணில் எறிந்தாலோ, மழைக்காலம் முடிந்து எடுக்கும்போது கருப்புப் பூசணம் பூத்திருக்கும். அந்த வாடை எந்தச் சோப்புக்கும் போகாது.