குறைப்பிரசவ ஊசி: வாரக் கணக்கில் தடுமாற்றம்

புது தில்லி: சிக்கலான கர்ப்பத்தில் முன்கூட்டியே பிரசவம் பார்க்க நேரும்போது, சிசுவின் நுரையீரல் முதிர்ந்துள்ளதா என்பதே மருத்துவர்களின் பெருங்கவலை. முன்பு பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, லெசித்தின், ஸ்பிங்கோமையலின் என்ற இரு கொழுப்புப் பொருள்களின் விகிதத்தைச் சோதித்தனர். முன்னது இரு மடங்கு இருந்தால் நுரையீரல் தயார் எனக் கொண்டனர். இன்று அச்சோதனை பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. கர்ப்பத்தின் வாரக் கணக்கும், நுரையீரலை விரைந்து முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசியுமே இப்போது துணை.

24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவ வலி கண்டால், டெக்ஸாமெத்தசோன் 6 மில்லி கிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 ஊசிகள் போட வேண்டும் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை. முதல் ஊசியைக் கிராமச் செவிலியரே போடலாம். மருந்தோ மிக மலிவு.

ஆனால், பெலகாவி, நாகபுரி வட்டாரங்கள் உள்பட 6 நாடுகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வின் முடிவு அதிர்ச்சி அளித்தது. ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. 1,000 பிறப்புகளுக்கு 3.5 வீதம் கூடியது. ஊசி பெற்ற பலருக்குக் குறைப்பிரசவமே நேரவில்லை. மாதவிடாய்த் தேதி நினைவில்லாதவர்களுக்கு நாடாவால் வயிற்றை அளந்துதான் வாரம் கணக்கிடப்பட்டது!

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்விலோ, அதே மருந்து பச்சிளங்குழந்தைகளின் இறப்பை 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைத்தது. அங்கு ஸ்கேன் மூலம் வாரம் உறுதி செய்யப்பட்டது. பிறந்த குழந்தையைக் கவனிக்க வசதியும் இருந்தது. ஸ்கேன் கருவி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர், ஊசியைக் கையில் எடுக்கும்போது எதை நம்பி வாரத்தைக் கணக்கிடுவார்?