பருத்திக் காட்டில் காமிரா

தேனிச் சாலையில், நாகமலையின் அடிவாரத்திலுள்ள புதுக்கோட்டையில் ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்ற மாதம் சென்றிருந்தோம். தணிக்கைக் குறிப்புகளைப் படித்து முடித்ததும், பருத்தி பயிரிடும் முதியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, விதையின் விலையை எங்கோ கடல் கடந்த கம்பெனி தீர்மானிக்கிறது என்கிறீர்கள். அவர்கள் செய்வதை நாங்கள் அறிவது எப்படி? எங்கள் பாட்டை அவர்கள் அறிவது எப்படி?" என்று கேட்டார். சற்று முன்னர்தான் அவர் தம் பேரனின் காதுகுத்து விழாவைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருப்பதை நமக்குக் காட்டியிருந்தார். அன்று அவருக்கு அளித்த விடையையே இங்கு விரித்து எழுதுகிறோம்.

இன்றைய தெலுங்கானாவில், ஜஹீராபாத்தை அடுத்த பஸ்தாப்பூரில் 1983-ல் தொடங்கப்பெற்றது டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி. மானாவாரி நிலத்தில் கம்பும் சோளமும் விளைவிக்கும் ஏழைப் பெண்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், ஊருக்கு ஊர் அமைத்துக்கொண்ட சங்கங்களே அதன் உயிர்நிலை. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான பி. வி. சதீஷ் (2023-ல் காலமானார்) முன்னர் தூரதர்ஷனில் பணியாற்றியவர். அப்பெண்களில் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். காமிராவிலுள்ள பொத்தான்களை அவர்கள் எழுத்தைக் கொண்டு அறியவில்லை. கை பழகி அறிந்தனர்.

அவர்கள் வகுத்துக்கொண்ட கலைச்சொற்களை நம் அங்கத்தினர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் படத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'பட்டேல் ஷாட்'; நிலக்கிழார் குடியானவனைப் பார்க்கும் பார்வை அது. எதிரில் இருப்பவரின் கண் மட்டத்திற்கே காமிராவை நிறுத்தி எடுப்பது 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் அனைவரும் சமமாய் அமர்வதால் அப்பெயர். கூட்டுறவுப் பயிற்சி வகுப்புகளில் சமத்துவம் பற்றி நாம் நிகழ்த்தும் நீண்ட சொற்பொழிவுகளை எண்ணிச் சிறிது நாணினோம்.

2002 மார்ச்சு மாதம் பி.டி. பருத்திக்கு இந்திய அரசு அனுமதி அளித்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைச் செடியில் புகுத்தி, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கச் செய்யும் முறை அது. 450 கிராம் பொட்டலம் சுமார் 1,600 ரூபாய். பழைய வீரிய விதையைக் காட்டிலும் மும்மடங்குக்கு மேற்பட்ட விலை. மருந்துச் செலவு மிச்சமாகும் என்று நம்பி வாரங்கல் உழவர்கள் வாங்கினர். காய்ப்புழுவுக்குரிய அந்நஞ்சு, அசுவினி, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஒன்றும் செய்யாது. ஆகவே மருந்து தெளிப்பானை முற்றிலும் கீழே வைக்க இயலவில்லை.

பஸ்தாப்பூர்ப் பெண்கள் காமிராவுடன் வாரங்கல் சென்றனர். ஒருமுறை போய் நான்கு பேரின் அழுகையைப் பதிவு செய்துகொண்டு திரும்பவில்லை. அதே உழவர்களிடம் பருவம் முழுவதும் மீண்டும் மீண்டும் சென்று, பூவையும் காயையும் செலவையும் வரவையும் பதிந்தனர். 'வாரங்கல் உழவர்கள் பி.டி. பருத்தியின்மீது ஏன் சினம் கொண்டுள்ளனர்' என்னும் பொருளுடைய தலைப்பில் 2003-ல் அப்படம் வெளிவந்தது. அப்துல் கயூம், கிரண் சக்காரி என்னும் இரு ஆய்வாளர்கள் அதே வட்டாரத்தில் எடுத்த கணக்கும் அதற்குத் துணை நின்றது. அடுத்த இரு பருவங்களிலும் பதிவு தொடர்ந்தது. பின்னர் வெளிநாட்டுப் பருத்தி உழவர்களின் அனுபவங்களையும் அப்பெண்கள் படமாக்கினர். உலகப் பிரச்சினை என்பது தங்கள் வயல் வரப்பில்தான் தொடங்குகிறது என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

2005-ல் மத்திய அனுமதிக் குழு, முதலில் இசைவு பெற்ற மூன்று ரகங்களுக்கும் ஆந்திரத்தில் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2006-ல் ஆந்திர அரசின் முயற்சியால் பொட்டலத்தின் விலை 750 ரூபாயாக இறங்கியது. இவையெல்லாம் படத்தின் பயனே என்று நாம் கூறோம். பலருடைய முயற்சி அதில் உண்டு. பி.டி. பருத்தியால் விளைச்சல் மிகுந்தது என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. பின்னாளில் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அவ்விதையே பரவியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகை விதைக்கு அடங்க மறுத்ததை 2010-ல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே ஒரு மாவட்டத்தின் மூன்று பருவங்களை வைத்து முடிவான தீர்ப்புக் கூறுவது சரியன்று. ஆயினும் அம்மூன்று பருவங்களில் அவ்வயல்களில் நடந்தது யாது என்று பிற்காலத்தில் ஒருவன் கேட்டால், கம்பெனியின் விளம்பரத்தையன்றி வேறொரு சாட்சியத்தையும் அவனுக்குக் காட்ட முடியும்.

இவ்வளவும் கேட்டபின் நெசவாளர் அம்மையார் ஒருவர், "பருத்திக்காரர்கள் எடுக்கட்டும், தறிக்காரர்களுக்கு இதில் என்ன வேலை?" என்றார். நூல் வந்த தேதியையும், கட்டின் எடையையும், விலைச் சீட்டையும் தறியோடு சேர்த்து மாதந்தோறும் படம் பிடித்து வைத்தால், பஞ்சு விலை ஏறும்போது கூலிக்கு நேர்வது என்ன என்பதை அரசுக்கும் ஊராருக்கும் காட்டலாமே என்றோம். காட்டுவதற்கு இடமும் இல்லாமல் இல்லை. மதுரையிலேயே 1998-ல் 'மறுபக்கம்' அமைப்பினர் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கினர்.

முடிவில், வரும் புரட்டாசி விதைப்பு முதல் மூன்று புன்செய்களையும் இரண்டு தறிகளையும் மாதம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று, உரியவரின் சம்மதத்துடன் படம் பிடிப்பதென்று தீர்மானமாயிற்று. நல்ல காயையும் சொத்தைக் காயையும் ஒருங்கே எடுக்கவேண்டும் என்ற திருத்தத்தை முன்மொழிந்தவர் அந்த முதியவரே. காரியதரிசி நடவடிக்கைப் புத்தகத்தில் அதனைப் பதிந்துகொண்டார். படங்களைச் சேமித்து வைக்கும் சாதனத்தின் விலையை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று அவர் கேட்ட கேள்விக்குத்தான் நாம் இன்னும் விடை அனுப்பவில்லை.