பேயும் அல்ல, பித்தும் அல்ல!

காகிதத்தையும் பேனாவையும் கையில் கொடுத்து, ஒரு கடிகாரத்தின் முகத்தை வரையும்படி சொன்னார் டாக்டர். எதிரே இருந்த பெண்ணுக்கு வயது 24. அவர் எப்படியோ ஒரு வட்டம் போட்டார். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டியபோது, பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி வெறுமையாகக் கிடந்தது!

பள்ளிக்கூடத்துக் குழந்தை கூடச் சரியாக வரைந்துவிடும் படம் அது. வரைந்தவரோ படித்த பெண். ஒரு தினசரிப் பத்திரிகையின் நிருபர். ஆனால் அந்தக் கோணல் கடிகாரத்தைப் பார்த்த டாக்டருக்கு, அத்தனை நாளாக யாருக்கும் பிடிபடாத ஒரு விஷயம் பளிச்சென்று புலப்பட்டது. நம் கண்முன் விரியும் உலகின் இடப் பக்கத்தைக் கவனிப்பது மூளையின் வலது பாதி. அந்தப் பாதியில் ஏதோ கோளாறு இருக்கிறது. மூளை கனன்று வீங்கியிருக்கிறது. அதாவது அழற்சி கண்டிருக்கிறது என்று அவர் ஊகித்தார்.

இது நடந்தது 2009-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில். டாக்டரின் பெயர் ஸூஹேல் நஜ்ஜார். அந்தப் பெண் 'நியூயார்க் போஸ்ட்' பத்திரிகையில் வேலை பார்த்து வந்த ஸுஸன்னா காஹலன்.

நல்ல பெண்ணுக்கு என்ன வந்தது?

ஸுஸன்னா கலகலப்பாகப் பேசும் பெண். வேலையில் சூட்டிகை. திடீரென்று ஒரு நாள், தம்மை மூட்டைப் பூச்சி கடித்துவிட்டது என்று எண்ணத் தொடங்கினார். வீட்டை அலசிப் பார்த்தும் பூச்சி அகப்படவில்லை, எண்ணமும் அகலவில்லை. அப்புறம் இடது கை மரத்துப் போயிற்று. தூக்கம் போயிற்று. ஒரு நிமிஷம் அழுகை, மறு நிமிஷம் ஆனந்தம். கடைசியில் ஒரு நாள் இரவு வலிப்பு வந்து விழுந்தார். சொந்தத் தகப்பனாரையே சந்தேகிக்கும் அளவுக்கு மனம் பேதலித்தது.

முதலில் பார்த்த ஒரு வைத்தியர், வேலைப் பளுவும் குடிப் பழக்கமுந்தான் காரணம் என்றாராம். மனோவியாதிதான் என்றார்கள் வேறு சிலர். மூளையைப் படம் எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. ரத்தத்தைச் சோதித்தார்கள், அதிலும் தடயம் இல்லை. நாளாக ஆகப் பேச்சு குழறியது, நடை தளர்ந்தது. முதுகுத் தண்டு நீரைச் சோதித்தபோதுதான், இருக்க வேண்டியதைவிட அதிகமாக வெள்ளை அணுக்கள் அதில் இருப்பது தெரிந்தது. உடம்பின் போர்ப்படை மூளைக்குள் திரண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் பகைவன் யார்? எந்தக் கிருமியும் அகப்படவில்லை.

இந்த நிலையில்தான் டாக்டர் நஜ்ஜார் வந்தார். கதையை முதலிலிருந்து பொறுமையாகக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். பிறகு ஸுஸன்னாவின் ரத்தமும் தண்டு நீரும் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஓர் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பப்பட்டன. பதில் வந்தது. வியாதிக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் பிறந்து அப்போது இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது!

கட்டிக்குள் ஒரு துளி மூளை

அந்த ஆராய்ச்சியாளர் ஜோஸப் டால்மாவ். ஸ்பெயின் தேசத்துக்காரர், அந்த நாளில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் இருந்தார். உடம்பில் எங்கோ வளரும் கட்டிக்கும், தலைக்குள் இருக்கும் மூளையின் சீர்கேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதே அவருடைய ஆராய்ச்சி.

2005-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய குழுவினரும் நான்கு பெண்களைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் மனம் பேதலித்தது, நினைவு தவறியது, சுவாசம் தளர்ந்தது. நால்வருக்கும் பொதுவாக இன்னொன்றும் இருந்தது: சூல்பையில் 'டெரடோமா' என்ற கட்டி.

டெரடோமா என்பது விசித்திரமான கட்டி. கிரேக்க மொழியில் 'டெராஸ்' என்றால் விபரீத உரு என்று பொருள். சூல்பையில் இருக்கும் முட்டை அணுவுக்கு உடம்பின் எந்தப் பகுதியாகவும் மாறக்கூடிய வல்லமை உண்டு. அதனால்தானே அதிலிருந்து ஒரு முழுக் குழந்தை உருவாகிறது? சில சமயம் அப்படிப்பட்ட அணு ஒன்று, கருத்தரிக்காமலே, ஒழுங்கு முறை இல்லாமல் வளர ஆரம்பித்துவிடுகிறது. கட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே தோல் இருக்கும், தலைமயிர் இருக்கும், பல் கூட இருக்கும்! சிலவற்றில் மூளையின் நரம்பு அணுக்களும் இருக்கும்.

இதைப் படித்துவிட்டுச் சகோதரிகள் பதற வேண்டாம். இந்தக் கட்டி அபூர்வமானதும் அல்ல. பெரும்பாலும் புற்றுநோயும் அல்ல. எத்தனையோ பெண்களுக்கு வந்து, அறுவைச் சிகிச்சையோடு கதை முடிந்துவிடுகிறது. மூளைக்கு ஆபத்து வருவது வெகு சிலருக்கே.

காவலாளி செய்த பிழை

அந்த வெகு சிலருக்கு நேர்வது என்ன?

நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. அந்நியக் கிருமி நுழைந்தால், அதன் அடையாளத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதை மட்டும் பிடித்துக் கட்டக்கூடிய எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கிறது. மூளை சாதாரணமாக இந்தக் காவலாளிகளின் நடமாட்டத்துக்கு அப்பாற்பட்ட அந்தப்புரம். அந்தப்புரத்தில் இருக்க வேண்டிய நரம்பு அணு, வயிற்றுக்குள் ஒரு கட்டியில் நின்றால், காவலாளி என்ன செய்வான்? "இது யார் அந்நியன்?" என்று அதன் அங்க அடையாளங்களைக் குறித்துக்கொள்கிறான். அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டே தேடிப் போகிறான். தேடல் நிஜமான மூளையில் போய் முடிகிறது!

அவன் பிடிக்கும் அடையாளம் எது என்பதை 2007-ஆம் ஆண்டில் டால்மாவின் குழு கண்டுபிடித்தது. நரம்பு அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ரசாயனத் தூதர்களை அனுப்புகின்றன. தூதரை வரவேற்க ஒவ்வோர் அணுவின் மேலும் வாசல்கள் உண்டு. 'குளுட்டமேட்' என்ற தூதருக்கான வாசல்களில் ஒரு வகைக்கு 'என்.எம்.டி.ஏ. ஏற்பி' என்று பெயர். கற்பதற்கும், கற்றதை ஞாபகம் வைப்பதற்கும் இந்த வாசல் மிக முக்கியம். கெடமைன் என்ற மயக்க மருந்து அடைப்பதும் இதே வாசலைத்தான். அதைச் செலுத்தியவர்களுக்கும் மாயக் காட்சிகள் தோன்றுவது உண்டு. வாசல் மூடினால் மனம் எங்கே போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த ஆண்டு டால்மாவ் குழு பரிசீலித்த நோயாளிகள் பன்னிரண்டு பேர். எல்லாரும் பெண்கள், 14 வயதிலிருந்து 44 வயது வரை. அவர்களில் 11 பேருக்குச் சூல்பையில் டெரடோமா, ஒருவருக்கு மார்புக்குள். ஐந்து கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஐந்திலும் நரம்புத் திசு இருந்தது. அதில் அந்த வாசலும் இருந்தது! கட்டியை அகற்றி, காவல் படையை அடக்கும் மருந்தும் கொடுக்கப்பட்ட ஒன்பது பேரில் எட்டுப் பேர் தேறினார்கள். கட்டி அகற்றப்படாத மூவரில் இருவர் இறந்துபோனார்கள். ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு கணக்குகளே பதில்.

உடையாத வாசல்கள்

மூளை வியாதி என்றால் மீளாது என்பதுதானே நம்முடைய எண்ணம்? இந்த வியாதியின் பெரிய அதிசயம் இங்கேதான் இருக்கிறது. புற்றுக் கட்டிகளை ஒட்டி வரும் வேறு சில மூளை நோய்களில் நரம்பு அணுக்களே மாண்டுவிடுகின்றன, போனது போனதுதான். இதில் அப்படி இல்லை. எதிர்ப்பொருள் வாசலைப் பற்றி இழுத்து அணுவுக்குள்ளே தள்ளிவிடுகிறது; அணு சாவதில்லை. எதிர்ப்பொருளை விரட்டிவிட்டால் வாசல்கள் மறுபடியும் முளைக்கின்றன.

விரட்டும் உபாயங்களும் இருக்கின்றன. ஸ்டீராய்டு மருந்து கொடுக்கிறார்கள். தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நல்ல எதிர்ப்பொருள்களை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். ரத்தத்தின் நீர்ப் பகுதியையே மாற்றிச் சுத்திகரிக்கிறார்கள். இவற்றுக்கு மசியாவிட்டால் இன்னும் பலமான மருந்துகள் உண்டு. கட்டி இருந்தால் அதை எடுத்துவிடுகிறார்கள்.

2013-ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆராய்ச்சியில் 577 நோயாளிகளின் சரித்திரம் சேர்க்கப்பட்டது. நூற்றுக்கு 81 பேர் பெண்கள். நூற்றுக்கு 37 பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். கட்டி இருந்தது நூற்றுக்கு 38 பேருக்கே. ஆகவே ஆண்களுக்கும் வரும், குழந்தைகளுக்கும் வரும், கட்டி இல்லாமலும் வரும். ஸுஸன்னாவுக்கே கட்டி அகப்படவில்லை. மூளையை ஹெர்ப்பிஸ் கிருமி தாக்கிக் குணமான பிறகு, சிலருக்கு இந்த வியாதி தொடர்ந்து வருவதும் தெரிய வந்திருக்கிறது. சிகிச்சை பெற்று இரண்டு ஆண்டு காலம் கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்குத் திரும்பினார்கள். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்கியதோ, அவ்வளவுக்குப் பலன் நன்றாக இருந்தது.

மனிதர்களோடு கதை முடியவில்லை. பெர்லின் மிருகக்காட்சிசாலையில் 'க்நூட்' என்று ஒரு பனிக்கரடி இருந்தது. தாய் கைவிட்ட அந்தக் குட்டியை மனிதர்களே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். உலகமெல்லாம் அதன் படத்தைப் பார்த்து மகிழ்ந்தது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கண்ணெதிரே, அது வலிப்புக் கண்டு தண்ணீரில் விழுந்து மூழ்கியது. காரணம் தெரியவில்லை. பத்திரப்படுத்தி வைத்திருந்த அதன் தண்டு நீரைப் பின்னர் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், அதே எதிர்ப்பொருள் அதில் இருப்பதை 2015-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். வாயில்லா ஜீவன் தன் துன்பத்தை யாரிடம் சொல்லும், பாவம்!

வீட்டார் சொல்லும் சாட்சி

வாயுள்ள மனிதர்களாவது சொல்ல முடிகிறதா என்றால், அதுவும் இல்லை. இந்த வியாதி முதலில் பறிப்பதே சொல்லும் சக்தியைத்தான். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் பிதற்றினால், கை கால்களை முறுக்கினால், வாயைக் கோணினால், வீட்டார் யாரை அழைத்திருப்பார்கள்? வேப்பிலைக்காரரை அழைத்திருப்பார்கள். மேல் நாட்டிலும் இதே கதைதான். அங்கே பாதிரியாரை அழைத்திருப்பார்கள். பேய் பிடித்ததாகப் பெயர் வாங்கி மாண்டவர்களில் எத்தனை பேருக்கு இந்த வியாதி இருந்ததோ, யார் கண்டார்கள்?

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மனம் கலங்கியவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி என்று நினைப்பதும் தவறு. இது மிக அபூர்வமானது. மனோவியாதிகளில் பெரும்பாலானவற்றின் காரணம் வேறு. அவற்றுக்கு மனநல டாக்டரின் சிகிச்சைதான் தேவை. கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: நன்றாக இருந்த ஒருவர், சில நாட்களிலோ வாரங்களிலோ அடியோடு மாறிப் போவது, அதற்கு முன்னால் காய்ச்சலோ தலைவலியோ வந்திருப்பது, கூடவே வலிப்பு, பேச்சுக் குறைவு, வாயும் முகமும் தாமாகவே அசைவது, ஞாபகம் தவறுவது. இப்படி இருந்தால் நரம்பியல் டாக்டரிடம் காலதாமதம் இல்லாமல் காட்ட வேண்டும். தண்டு நீரில் இந்த எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை இப்போது இருக்கிறது.

ஸுஸன்னா குணமடைந்து வேலைக்குத் திரும்பினார். தம் அனுபவத்தைத் தம் பத்திரிகையிலேயே எழுதினார். 2012-ஆம் ஆண்டில் அது புத்தகமாகவும் வந்தது. அதைப் படித்துத் தங்கள் வியாதிக்குப் பெயர் கண்டுபிடித்தவர்களும் உண்டு. அந்தப் புத்தகத்தை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு சங்கடம். ஆஸ்பத்திரியில் கழிந்த அந்த மாதம் அவருடைய ஞாபகத்தில் அநேகமாக இல்லை! ஒரு நிருபர், தம் சொந்த வாழ்க்கையைப் பற்றியே ஊராரிடம் விசாரித்து எழுத வேண்டியதாயிற்று. அப்போது கைகொடுத்தவை டாக்டர்களின் குறிப்புகளும், அறையில் எடுத்த படச்சுருள்களும், தகப்பனாரும் தாயாரும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தபோது எழுதிவைத்த ஒரு நோட்டுப் புத்தகமும்.

அந்தப் பெற்றோர் வைத்தியம் படித்தவர்கள் அல்ல. "எங்கள் பெண் இப்படிப்பட்டவள் இல்லை" என்பது ஒன்றுதான் அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதை அவர்கள் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்டார். நம் வீட்டில் ஒருவருக்கு இப்படி ஏதேனும் நேர்ந்தால், எந்த நாள், என்ன நேரம், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.