திரளி எப்போது பிறந்தது?

மீன் தலைக்கறி சாப்பிடும்போது பல்லில் கடிபடுகிற வெள்ளைக் கல்லைத் துப்பிவிடுகிறோம். கத்தாளையில் அது பெரிது. சூடையில் சில மில்லிமீற்றர்தான். அதுதான் செவிக்கல். மீனின் உட்காதில் பக்கத்துக்கு மூன்றாக இருந்து, கேட்கவும் சமநிலை காக்கவும் உதவுகிறது. காதெலும்பு என்பது பேச்சுவழக்கு. உண்மையில் சுண்ணாம்பும் சிறிது புரதமும் படிந்த கல்.

மீன் பட்டினி கிடந்தாலும் உடல் இந்தக் கல்லைக் கரைத்து எடுப்பதில்லை. படிந்தது படிந்ததுதான். அதனால் 1899 இலேயே ஜெர்மனியின் ரைபிஷ் இதன் ஆண்டு வளையங்களைக் கொண்டு மீனின் வயதைச் சொன்னார். குளிர்நாட்டுக்கு அது சரி. நமது கடலில் கோடைக்கும் மாரிக்கும் வெப்ப வேறுபாடு சொற்பம். ஆண்டு வளையம் தெளிவாக விழாது. நாளுக்கு ஒரு நுண்வளையமும் படிகிறது என்று 1971 இல் ஆய்வாளர் பன்னெல்லா காட்டிய பிறகுதான் நமக்கு வழி பிறந்தது. இலங்கையின் நான்கு சூடை இனங்களின் வயதையும் வளர்ச்சியையும் பற்றித் தயாரத்னவும் நோர்வேயின் யோசேட்டரும் 1986 இல் எழுதிய ஆய்வு அந்த வழியில் வந்தது.

வேலை பொறுமையைச் சோதிக்கும். கண்ணுக்குப் பின்னால் தலையைச் சாய்வாக வெட்டி, மூளையை விலக்கி, சாவணத்தால் கல்லை எடுக்க வேண்டும். கழுவி உலர்த்தி, கண்ணாடித் தகட்டில் பிசின் வைத்துப் பதித்து, மெல்லிய அரத்தாளால் மையம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடத் தேய்த்தால் மையமே போய்விடும். பிறகு நுணுக்குக்காட்டியில் எண்ண வேண்டியதுதான். மார்ச் 15 இல் பிடிபட்ட குஞ்சில் 120 வளையம் இருந்தால், அது பிறந்தது நவம்பர் நடுப்பகுதி. முதல் வளையம் விழும் நாள் இனத்துக்கு இனம் மாறும். அந்த நாட்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சினையைப் பார்த்தாலே இனப்பெருக்க காலம் தெரியாதா? தெரியும். ஆனால் எந்த மாதத்துக் குஞ்சு பிழைத்து வலைக்கு வந்தது என்பதைச் சினை சொல்லாது. கடற்றொழிலாளிக்கு வேண்டியது அந்தக் கணக்குத்தான்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் அந்தக் கணக்குக்கு இன்னும் கூடுதல் தேவை இருக்கிறது. சந்நிதி கோயிலடியால் கடலுக்குப் போகும் இந்த நீரேரியின் வாயில், உவர்நீரைத் தடுக்க அணையும் கதவுகளும் உண்டு. கிணறும் வயலும் பிழைக்க அவை வேண்டும். திரளியோ கடலில் முட்டையிடும் மீன். அதன் குஞ்சு திறந்த கதவு வழியே நீரேரிக்குள் வந்து வளரும். குஞ்சுகளின் பிறந்த நாட்களையும் கதவு திறந்த நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வாரத்தில் கதவைத் திறந்துவிடுவது நல்லது என்று ஊகத்தில் பேச வேண்டியதில்லை.

மீன் எங்கே வளர்ந்தது என்பதற்கும் கல்லில் தடயம் உண்டு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஸ்ட்ரொன்சியம் என்ற தனிமம் உண்டு. நன்னீரில் வழக்கமாக மிகக் குறைவு. அந்த வேறுபாடு கல்லிலும் பதியும். யாழ்ப்பாணத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது: நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல்; அதன் நீரிலும் ஸ்ட்ரொன்சியம் கூடியிருக்கலாம். முதலில் நீரேரி நீரை மாரியிலும் கோடையிலும் அளந்துவிட்டே கல்லைப் படிக்க வேண்டும்.

கல்லில் ஸ்ட்ரொன்சியத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவை. வளையம் எண்ண நுணுக்குக்காட்டி போதும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையமும் பாடசாலை உயிரியல் ஆசிரியர்களும் மனம் வைத்தால் வரும் மாரியிலேயே தொடங்கலாம். கல்லைத் தாள் உறையில் போட்டு, மீனின் பெயர், நீளம், பிடித்த இடம், திகதி நான்கையும் மேலே எழுதுங்கள். திகதி இல்லாத கல்லால் பிறந்த நாளைக் கணிக்க முடியாது.