ஓயாவைக் கடக்கும் வண்டி

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924 ஆம் ஆண்டில். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது செல்லும் அப்பாதை, பள்ளத்தாக்குக்கு மேலே உயர்ந்து நின்று தன் வழியைத் தானே வகுத்துக்கொள்கிறது. தோட்டப் பாதைகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. மலைச்சரிவில் வளைந்திறங்கும் பாதை ஓர் ஓடையை எதிர்ப்படும்போது, ஓரிடத்தில் பாலம் இருக்கும். ஓரிடத்தில் நீர் மேலே வழிந்தோடும் தாம்போதி இருக்கும். மற்றோரிடத்தில் கல்லும் மணலும் நிறைந்த ஓடைத் தளமே பாதையாகவும் இருக்கும். கொழுந்தும், அரிசியும் மாவும், பள்ளிப் பிள்ளைகளும், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் கர்ப்பிணியும் அவ்வழியே செல்ல வேண்டியவர்களாயின், ஜீப்பை நீரில் இறக்குவது பொழுதுபோக்கன்று, வாழ்க்கைத் தேவையாகும்.

நேயர்களே, முதலில் ஊவாவின் மழையியல்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மத்திய மலைத்தொடர் தடுத்துவிடுவதால், யூலை முதல் செப்டெம்பர் வரை இப்பகுதியில் வறண்ட காற்று வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தரும் காலமும் அதுவே. அந்நாட்களில் ஓடை கணுக்காலளவே ஓடும். ஒக்டோபரில் இடிமழை தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றும் வந்து சேர்ந்தபின், அதே ஓடை வேறொன்றாகிவிடும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு நேர்ந்தது 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள். பதுளை மாவட்டத்தை உலுக்கிய டித்வாப் புயல் வந்தது 2025 நவம்பர் இறுதியில். ஆகவே, வண்டியை ஆயத்தம் செய்ய வேண்டிய காலம் மழைக்கு முந்திய செப்டெம்பரேயாகும்.

நீரால் இயந்திரத்துக்கு நேரும் முதற்கேடு அதன் மூச்சின் வழியே வருவது. இயந்திரம் காற்றை உள்ளிழுத்து, சிலிண்டருக்குள் அதனை நெருக்குகிறது. காற்று நெருங்கிக்கொடுக்கும், நீர் நெருங்கிக்கொடுக்காது. இரண்டரை லீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய ஒரு டீசல் இயந்திரத்தில், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது எஞ்சும் இடம் ஏறத்தாழ 33 கன சென்ரிமீற்றர் மட்டுமே. இரண்டு மேசைக்கரண்டி நீரே அதனை நிரப்பப் போதுமானது. அதற்குமேல் நீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். எனவே, காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் உள்ளதென ஒவ்வொரு சாரதியும் அளந்தறிதல் வேண்டும். அதனை ஒரு குழாயால் கூரையளவுக்கு உயர்த்துவோரும் உளர். அவ்வாறு உயர்த்துங்கால், இணைப்புகளில் ஒன்றேனும் காற்றுக் கசியுமாயின் அக்குழாயால் பயனில்லை.

இரண்டாவது கேடு சில்லுகளின் அச்சுக் கூடுகளில் உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய கூடு குளிர்நீரில் திடீரென அமிழும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தடுப்புகளினூடே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கூட்டின் சுவாசத் துளையில் றப்பர்க் குழாயொன்றைப் பொருத்தி இயந்திரத்தின் உயரத்துக்குக் கொண்டுவருவது இதற்குப் பரிகாரம். அது இயலாவிடின், கரையில் சற்று நேரம் நின்று வண்டியை ஆறவிடுவதும் நன்று.

1948 இல் அறிமுகமாகித் தோட்டங்களில் பெயர்பெற்ற லாண்ட் ரோவர் வண்டிகளின் பழைய வகைகளில், கிளட்ச்சைச் சூழ்ந்த கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. நீரில் இறங்குமுன் அதற்குரிய திருகடைப்பால் அதனை மூட வேண்டும். கரையேறியபின் மறவாமல் கழற்றவும் வேண்டும். கழற்றாவிடின், கசியும் எண்ணெய் உள்ளே தேங்கிக் கிளட்ச்சை வழுக்கச் செய்யும். பெற்றோல் வண்டியாயின், தீப்பொறியைப் பங்கிடும் பகுதியையும் அதன் கம்பிகளையும் உலர்வாய்க் காத்தல் வேண்டும். வண்டியின் முகத்தில் ஒரு படங்கைக் கட்டினால், விசிறி நீரை வாரி இயந்திரத்தின்மேல் இறைப்பது குறையும். அதனையும் கரையேறியவுடன் அவிழ்த்துவிட வேண்டும். இல்லையேல் இயந்திரம் கொதிக்கும்.

கடக்கும் முறையும் எளியதே. தாழ்ந்த கியரில், நடக்கும் வேகத்தில் இறங்குக. இடையில் கியரை மாற்றாமல், நிறுத்தாமல், ஒரே சீராகச் செல்க. நடுநீரில் இயந்திரம் நின்றுவிட்டால், அதனை மீண்டும் இயக்க முயலலாகாது. உள்ளே நீர் இருக்குமாயின் அந்த முயற்சியினாலும் தண்டு வளையக்கூடும். இழுப்பதற்கான வடத்தை இறங்குமுன்னரே வண்டியின் பின்புறம் பூட்டிவைத்திருப்பவர் அவ்வேளையில் பயனடைவார். கரையேறியபின் பிரேக்கை மெதுவாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துக. எண்ணெய்களைச் சோதிக்கும்போது அவை பாலைப்போல் வெளுத்திருந்தால், நீர் கலந்துள்ளதென அறிந்து மாற்றுக.

இத்தனையும் செய்த வண்டி எந்த ஆற்றையும் கடக்குமா என்று கேட்கலாம். கடக்காது. இந்த ஆயத்தங்கள் யாவும் நீரினின்றும் இயந்திரத்தைக் காப்பவை. ஓட்டத்தினின்றும் வண்டியைக் காப்பவை அல்ல. மூன்றரை மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உள்ள ஓர் உடற்கூட்டை எண்ணிப் பாருங்கள். கதவுகள் நீர்புகாமல் இறுக மூடியிருக்க, நீர் அதன் தளத்துக்கு மேலே 10 சென்ரிமீற்றர் ஏறினால், அரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தை அது தூக்குகிறது. 30 சென்ரிமீற்றர் ஏறினால் ஒன்றரைத் தொன். இரண்டு தொன் வண்டி அப்பொழுது நிலத்தில் நிற்பது பெயரளவிலேயே. ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளும் வலிமை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்தெண்ணுக. பழைய டிஃபென்டர் வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த ஆழம் 500 மில்லிமீற்றர். புதிய வகைக்கு 900 மில்லிமீற்றர். அந்த எண்ணை ஓடும் வெள்ளத்துக்குரிய அனுமதியாகக் கொள்பவர் பிழை செய்கிறார்.

ஆதலின் கைக்கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு. ஆழத்தைக் கோலால் அளந்து, மனிதன் ஒருவன் தடுமாறாமல் நடந்து செல்லக்கூடிய நீரிலே மட்டும் வண்டி இறங்கலாம். நீர் கலங்கி, கிளைகளும் சருகுகளும் மிதந்து வருமாயின், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும் மலையுச்சியில் மழை பெய்திருக்கிறது என்று கொள்க. கொழுந்துப் பெட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்குவதோ எக்காலத்தும் ஆகாது.

இங்கே சாரதியின் நிலையையும் எண்ண வேண்டும். கொழுந்து வாடுகிறது, நோயாளி துடிக்கிறார், மேலதிகாரி அவசரப்படுத்துகிறார். அந்நேரத்தில், இறங்கமாட்டேன் என்று சொல்லும் பாரத்தை ஒரு தனி மனிதன் மேல் சுமத்துவது முறையன்று. ஒவ்வொரு கடவையிலும் கரையோரத்தில் ஓர் அளவுகல்லை நாட்டி, அதில் ஒரு செந்நிறக் கோட்டை இடுவது தோட்ட நிர்வாகத்துக்குப் பெருஞ்செலவன்று. நிர்வாகத்தாரும் தொழிலாளரும் சாரதியும் வறண்ட காலத்திலேயே கூடி அக்கோட்டை முடிவு செய்தல் வேண்டும். நோயாளியை ஏற்றிச் செல்ல மறுகரையில் மற்றொரு வண்டியை எவ்வாறு அழைப்பது என்பதையும் அன்றே தீர்மானித்தல் வேண்டும். நீர் அக்கோட்டைத் தாண்டியபின், யார் கட்டளையிட்டாலும் வண்டி இறங்காது என்பது அனைவரும் அறிந்த ஒழுங்காகிவிடும். வடமும் படங்கும் எடுத்துவைப்பதைப்போல, அந்தக் கோட்டையும் மழைக்கு முன்பே தீட்டிவைப்போமாக.