கத்தி யாருடைய சொத்து?

ஆன்லைன் விளையாட்டு வரைவு விதிகள் பற்றிக் கருத்துச் சொல்ல 2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை, கடைசி நாளாக இருந்தது. அந்த வாரம் சென்னைப் புறநகரின் பட்டாபிராம், இந்துக் கல்லூரி, நெமிலிச்சேரி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் ரம்மி, போக்கர் என்ற சீட்டாட்டங்களும் வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களும் எல்லாமே ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. "பையன் ராத்திரி முழுக்க வாலரன்ட் ஆடுகிறான், போலீஸ் வந்துவிடுமா?" என்று ஒரு தாய் பயந்து எழுதியிருக்கிறார். "தடை வந்தால் என் இன்வென்டரி என்ன ஆகும்?" என்று, ஆட்டத்துக்குள் வாங்கிச் சேர்த்த பொருட்களை நினைத்துக் கேட்கிறார் ஒரு கல்லூரி மாணவர். சி.டி.எச். சாலையில் கேமிங் சென்டர் நடத்துபவருக்கோ டோர்னமென்ட் வைக்கலாமா என்று தெரிய வேண்டும்.

அந்தத் தாய்க்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். போலீஸ் வராது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் பண விளையாட்டை நடத்துபவரையும், விளம்பரம் செய்பவரையும், அதற்கான பணத்தைக் கைமாற்றும் நிறுவனத்தையும்தான் தண்டிக்கிறது. ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. வாலரன்ட்டையும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கையும் பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை.

இந்த இரண்டு ஆட்டங்களையும் அரசின் பேச்சு "இ-ஸ்போர்ட்ஸ்" என்ற ஒரே வரிசையில் நிறுத்துகிறது. நான் அதை ஏற்கவில்லை. திரையில் நடக்கும் சண்டையில் இரண்டும் அண்ணன் தம்பி. காசு கேட்கும் விதத்தில் அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை.

சண்டையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஐந்துக்கு ஐந்து, 13 ரவுண்டு வென்றால் வெற்றி, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஆட்டக் காசில் துப்பாக்கி வாங்குவது என்ற அடித்தளம் இரண்டுக்கும் பொது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் ஏகே-47 விலை 2,700, வாலரன்ட்டின் வேண்டல் 2,900 என்கிற அளவுக்கு நெருக்கம். 1999-ல் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் மேல் இரண்டு இளைஞர்கள் கட்டிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கை வால்வ் நிறுவனம் வாங்கி வளர்த்தது. 2020 ஜூனில் ரயட் கேம்ஸ் வெளியிட்ட வாலரன்ட் அந்த இலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஏஜென்ட்டுகள் என்ற பாத்திரங்களுக்குத் தனித்தனித் திறன்களைச் சேர்த்தது. புகை போடும் ஸ்மோக், கண்ணைப் பறிக்கும் ஃபிளாஷ் எல்லாம் அங்கே ஆளுக்கு ஆள் மாறும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் யார் வேண்டுமானாலும் எதையும் வாங்கி எறியலாம். எது சிறந்தது என்று கேட்டால், குறி வைப்பதை மட்டும் நம்புகிறவர் கவுன்டர்-ஸ்ட்ரைக்கையும், ஐந்து பேரும் பேசித் திட்டம் போட விரும்புகிறவர் வாலரன்ட்டையும் எடுக்கலாம் என்பேன்.

காசு விஷயத்தை அப்படி இரண்டு வரியில் முடிக்க முடியாது.

2013 ஆகஸ்டில் கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்குள் பெட்டிகள் வந்தன. ஆடுகிறவருக்கு அவ்வப்போது பூட்டிய பெட்டி ஒன்று இலவசமாகக் கிடைக்கும். திறக்க வேண்டுமானால் சாவியை வாங்க வேண்டும். சாவி விலை 2.49 டாலர். திறந்ததும் திரையில் ஸ்கின்கள், அதாவது ஆயுதங்களுக்கான வண்ண அலங்காரங்கள், வரிசையாக ஓடி, வேகம் குறைந்து, ஒன்றில் வந்து நிற்கும். பெரிய பரிசு கண்ணெதிரே நழுவி அடுத்த கட்டத்துக்குப் போவது போலத் தோன்றும். கண் பார்க்கும் அந்த ஓட்டம் வெறும் காட்சிதான். அதற்கும் முடிவுக்கும் சம்பந்தம் இல்லை.

வாய்ப்பு எவ்வளவு என்பதை வால்வ் தானாக முன்வந்து உலகத்துக்குச் சொல்லவில்லை. சீனச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் 2017-ல் அங்குள்ள விநியோக நிறுவனம் வெளியிட்டது. நூறில் 79.92 தடவை கிடைப்பது அடிமட்ட நீல வகை, பெரும்பாலும் சாவியின் விலைகூடத் தேறாது. உயர்ந்த சிவப்பு வகைக்கு 0.64 சதவீதம். எல்லோரும் ஏங்கும் கத்திக்கும் கையுறைக்கும் சேர்த்து 0.26 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பையன்கள் இதை "முன்னூத்தி சொச்சம் பெட்டிக்கு ஒரு கத்தி" என்று உறுதிமொழி போலப் புரிந்துகொள்கிறார்கள். சராசரி 385 பெட்டிக்கு ஒன்று என்பது சரி. 385 சாவி சுமார் 959 டாலர், அதாவது 2025 அக்டோபர் மதிப்பில் ஏறத்தாழ 84,000 ரூபாய். அவ்வளவும் செலவழித்த பிறகும் ஒரு கத்திகூடக் கிடைக்காமல் போக நூற்றுக்கு 37 வாய்ப்பு இருக்கிறது. திறந்த பெட்டிகளை அடுத்த பெட்டி நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதே 0.26 சதவீதம்தான்.

தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தது. அந்தக் காலத்தில் சீட்டு வாங்கியவருக்கு எண்களாவது அச்சில் இருந்தன, குலுக்கல் தேதியும் தெரிந்திருந்தது. இங்கே குலுக்கல் நொடிக்கு நொடி நடக்கிறது. வாங்குகிறவரில் பலர் வாக்களிக்கும் வயதைக்கூட எட்டாதவர்கள்.

"ஸ்கின் வெறும் அலங்காரம், ஆட்டத்தின் பலத்தை மாற்றாது" என்பது நிறுவனத் தரப்பு வாதம். குண்டின் பலத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் வெறும் அலங்காரத்தை யாரும் பத்தாயிரக்கணக்கில் விலை வைத்து விற்கமாட்டார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஸ்கின்னை வால்வின் இணையக் கடையான ஸ்டீமின் சந்தையில் விற்கலாம். ஒவ்வொரு விற்பனையிலும் 15 சதவீதம் கட்டணமாகப் போகிறது. விற்ற பணம் ஸ்டீம் வாலட்டுக்குள்தான் நிற்கும், வங்கிக்கு வராது. "இது சூதாட்டம் இல்லை" என்ற வாதம் முழுக்க இந்த ஒரு பூட்டின் மேல்தான் நிற்கிறது. ஆனால் ஸ்கின்னை இன்னொருவர் கணக்குக்கு மாற்ற முடியும். அந்த வசதியைப் பிடித்துக்கொண்டு வெளித்தளங்கள் ரொக்கம் கொடுத்து வாங்குகின்றன, ஸ்கின்னையே பந்தயமாக வைத்துச் சூதாடவும் விடுகின்றன. 2016-ல் இரண்டு பிரபல யூடியூபர்கள் தாங்களே நடத்திய அப்படியொரு தளத்தை, உரிமையாளர் என்று சொல்லாமலே ரசிகர்களுக்குப் பரிந்துரைத்தது அம்பலமானது. மறு ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது.

பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2018-ல் கடுமை காட்டியதும் அந்நாடுகளில் பெட்டி திறப்பது நின்றது. பிரான்சில் 2019-ல் வால்வ் வேறொரு வழி கண்டுபிடித்தது: 'எக்ஸ்-ரே' கருவி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டிவிடும். தெரிந்துதானே வாங்குகிறீர்கள், எங்கே சூது என்பது கணக்கு. ஆனால் காட்டியதை வாங்கினால்தான் அடுத்த பெட்டியைப் பார்க்க முடியும். ஆகவே வாங்குகிறவர் கையில் உள்ள நீல ஸ்கின்னுக்கு விலை கொடுப்பதில்லை, அடுத்து வரப்போவதைப் பார்க்கும் வாய்ப்புக்குக் கொடுக்கிறார். விதியின் வாசகம் காப்பாற்றப்பட்டது, பழைய ஆட்டமும் அப்படியே தொடர்ந்தது. நம் விதிகளை எழுதுகிறவர்கள் இந்த உத்தியைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். இந்தியாவில் அந்தக் கருவிகூட இல்லை.

2025 அக்டோபரில் நடந்தது இன்னும் கவலை தருகிறது. அக்டோபர் 22 அன்று வால்வ் ஒரு மாற்றத்தை அறிவித்தது: ஐந்து சிவப்பு ஸ்கின்களைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம். கத்தியின் அருமை ஒரே அறிவிப்பில் கரைந்தது. சில மணி நேரத்தில் கத்தி விலைகள் சரிய, சிவப்பு ஸ்கின் விலைகள் எகிறின. மொத்தச் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி டாலர் ஆவியானதாக விலைகளைக் கண்காணிக்கும் தளங்கள் கணக்கிட்டன.

இன்வென்டரி பற்றிக் கேட்ட மாணவரின் கடிதம் இதற்கு மறுநாள் எழுதப்பட்டது. பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் கத்தி வாங்கி, "இன்வெஸ்ட்மென்ட்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். யாரிடம் புகார் செய்வது என்று கேட்கிறார். அவருக்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. பங்குச் சந்தைக்கு செபி உண்டு, இதற்கு யாரும் இல்லை. ஸ்டீம் ஒப்பந்தத்தின்படி அந்தக் கத்தி அவருடைய சொத்தே அல்ல, பயன்படுத்தக் கொடுத்த உரிமம். வாங்கத் தூண்டும்போது சொத்தாகத் தெரிகிற பொருள், நஷ்டம் வரும்போது உரிமமாக மாறிவிடுகிறது.

வாலரன்ட்டில் இந்தப் பெட்டியும் இல்லை, சந்தையும் இல்லை. என்ன வாங்குகிறோம், எவ்வளவு விலை என்று பார்த்துவிட்டு வாங்கலாம். பிரீமியம் வகைத் துப்பாக்கி ஸ்கின் 1,775 பாயின்ட், கத்தி 3,550 பாயின்ட். வாங்கியதை யாருக்கும் விற்க முடியாது, கொடுக்கவும் முடியாது. ஐடியையே விற்பவர்கள் உண்டு, அது விதிமீறல், பிடிபட்டால் கணக்கு போகும். இதனால் ரயட்டுக்கு நற்சான்றிதழ் தர முடியாது. ரூபாயைப் பாயின்ட்டாக மாற்றி விலையின் உறைப்பைக் குறைக்கிறார்கள். தினக் கடையில் நான்கே ஸ்கின்களைக் காட்டி, 24 மணி நேரத்தில் எடுத்துவிடுவதாக அவசரப்படுத்துகிறார்கள். ஆனாலும் பணம் போனால் எவ்வளவு போனது என்று அப்பாவுக்கு முன்கூட்டியே தெரியும். இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இனி சட்டம். ஒருவர் கட்டணமோ வைப்போ பிற பணயமோ செலுத்தி, பதிலுக்குப் பணமோ வேறு ஆதாயமோ எதிர்பார்த்து ஆடுவது பண விளையாட்டு. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடமில்லை. "பிற பணயம்" என்பதில் பணமாக மாற்றக்கூடிய கிரெடிட், காயின், டோக்கன், பொருள் எல்லாம் அடங்கும். வெளிநாட்டிலிருந்து இங்கே சேவை தருகிறவருக்கும் பொருந்தும். இந்த வாசகத்தைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாவிக்குக் காசு, கத்தி மேல் எதிர்பார்ப்பு, கத்திக்குச் சந்தை விலை. ரம்மியைத் தடுக்க எழுதிய வரி கவுன்டர்-ஸ்ட்ரைக் பெட்டிக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. வாலரன்ட் கடைக்கு அது பொருந்தாது.

பெட்டிமீது அந்த வரி பாய்வதை ஒரு விதிவிலக்கு தடுக்கக்கூடும்: இ-ஸ்போர்ட்ஸ் பண விளையாட்டு ஆகாது. சரி, எது இ-ஸ்போர்ட்ஸ்? தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்று, ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் சொல்லும் ஆணையத்தில் பதிவும் ஆகியிருக்க வேண்டும். 2025 அக்டோபர் இறுதியில் அந்த ஆணையமே அமைந்திருக்கவில்லை. ஆக, ஊக்குவிப்பதாகச் சொல்லும் சட்டத்தின் கண்ணில் அன்று ஒரு இ-ஸ்போர்ட்ஸ்கூட இருக்கவில்லை. நாளை கவுன்டர்-ஸ்ட்ரைக் பதிவாகும்போது, மைதானத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெட்டிக்கும் சேர்ந்து கிடைத்துவிடுமா? போட்டியும் பெட்டியும் தனித்தனியாக ஆராயப்பட வேண்டும் என்று விதியில் ஒரு வரி எழுதினால் போதும். 

கேமிங் சென்டர்காரர் கேட்டது: தலைக்கு 200 ரூபாய் வசூலித்து, ஜெயிக்கும் டீமுக்கு மொத்தத்தையும் கொடுக்கலாமா? வேண்டாம். நுழைவுக் கட்டணம், பரிசு இரண்டையும் சட்டம் அனுமதிப்பது இ-ஸ்போர்ட்ஸுக்கு மட்டும், அந்தக் கட்டணமும் போட்டியில் சேரவும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும். ஆடுகிறவர்கள் காசையே திரட்டி ஜெயித்தவரிடம் கொடுப்பது பணயமாகவே படிக்கப்படும். பண விளையாட்டு நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். பரிசைக் கடைக்காரரோ ஸ்பான்சரோ கொடுக்கட்டும்.

மற்ற கேள்விகள்.

நள்ளிரவு 12 முதல் 5 வரை ஆடக் கூடாதா? அந்தத் தமிழ்நாட்டு விதி பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு மட்டும்; 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வாலரன்ட்டுக்கு ஆதார் கொடுக்க வேண்டுமா? வேண்டாம், அதுவும் அதே விதிதான்.

வாலரன்ட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு கம்ப்யூட்டரை வேவு பார்க்கிறதா? சிஸ்டம் ஆன் ஆகும்போதே ஏறி, விண்டோஸின் ஆழத்தில் இயங்குகிறது. அலுவலக லேப்டாப்பில் போடாதீர்கள்.

எதில் முன்னேற வாய்ப்பு? வாலரன்ட் பசிபிக் லீக்கில் மும்பையின் குளோபல் இ-ஸ்போர்ட்ஸ் 2023 முதல் ஆடுகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் அந்த உயரத்தில் இந்திய அணி இல்லை.

இருக்கும் கத்தியை இப்போதே விற்றுவிடலாமா? அவசரத்துக்குத் தேவையான பணம் அதில் இருந்தால் விற்றுவிடுங்கள்; ஆனால் ஸ்டீம் சந்தையில் விற்றால் பணம் வாலட்டிலேயே நிற்கும்.

பையன் சாவி வாங்கியது எப்படித் தெரியும்? ஸ்டீம் கணக்கில் வாங்கிய வரலாறு தேதி வாரியாக இருக்கும். பக்கத்தில் உட்காரவைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.