பாஸ்வேர்டு சரிதான்... ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏன் உள்ளே விடவில்லை?

போன மாதம் 20-ம் தேதி, இரவு ஏழரை மணி. காரைக்குடியிலிருந்து தங்கை போன் செய்தாள். "அண்ணே, ஆபீஸ் சிஸ்டம் என்னை உள்ளயே விட மாட்டேங்குது." குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் 'வீட்டிலிருந்தே பார்க்கிறேன் சார்' என்று கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஏற்பாடு இது. வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கும் டேலியில். வீட்டு லேப்டாப்பிலிருந்து விபிஎன் போட்டு, 'ரிமோட் டெஸ்க்டாப்' வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்த்தான் வேலை செய்ய வேண்டும்.

20-ம் தேதி என்பது மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி. மூன்று கடைக்காரர்களின் கணக்கு மிச்சம் இருந்தது. அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. "'இதெல்லாம் சரிப்படாதும்மா, நேர்ல வந்துடு'ன்னு சார் சொல்லிட்டா, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ணுவேன்?"

நான் சென்னையில். போனில்தான் வைத்தியம். முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "திரையில என்ன எழுதியிருக்கு? அப்படியே படி."

கதவா, பூட்டா?

நம்மில் பலரும் அந்தச் செய்தியைப் படிப்பதே இல்லை. சிவப்பாக ஏதோ வந்தது, மூடிவிட்டேன் என்போம். பாதி விடை அதில்தான் இருக்கிறது. 'அந்தக் கம்ப்யூட்டருடன் இணைய முடியவில்லை' என்று வந்தால், நீங்கள் இன்னும் வாசலுக்கே போய்ச் சேரவில்லை. 'உங்கள் விவரங்கள் சரியில்லை' என்று வந்தால், வாசலுக்குப் போய்விட்டீர்கள், சாவிதான் பொருந்தவில்லை. முதல் வகையில் பாஸ்வேர்டை நூறு முறை மாற்றி மாற்றித் தட்டினாலும் பயன் கிடையாது.

தங்கைக்கு வந்தது முதல் வகை. விபிஎன் இணைந்திருந்தது. அப்படியென்றால் அந்தக் கம்ப்யூட்டர் தூங்கியிருக்க வேண்டும், அல்லது அணைந்திருக்க வேண்டும். மாலையில் அந்தப் பகுதியில் கரன்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் படுத்துவிட்டது. கரன்ட் திரும்பி வந்தாலும் கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்காது. அலுவலக உதவியாளர் அண்ணன் பக்கத்துத் தெருவில் இருந்ததால் பிழைத்தோம். சாவியோடு போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தார்.

உங்கள் அலுவலகத்திலும் இந்த நிலை இருந்தால், இரண்டு விஷயங்களை முன்கூட்டியே செய்து வைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று மாற்ற வேண்டும். பயாஸ் அமைப்பில், கரன்ட் வந்ததும் தானே இயங்கும்படி வைக்கும் வசதி பல கம்ப்யூட்டர்களில் உண்டு. சர்வீஸ் செய்பவருக்கு ஐந்து நிமிட வேலை.

புதிதாக இந்த ஏற்பாட்டைத் தொடங்குபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 'ஹோம்' பதிப்பு இருந்தால், ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளியிலிருந்து அதற்குள் நுழைய முடியாது. 'ப்ரோ' பதிப்பு வேண்டும். வீட்டு லேப்டாப்பில் எது இருந்தாலும் பரவாயில்லை.

நாலு இலக்கம் செய்த வேலை

கம்ப்யூட்டர் எழுந்தது. எட்டரை மணிக்கு மறுபடியும் போன். இப்போது இரண்டாவது வகைச் செய்தி. அவள் பதறிப்போய் மாற்றி மாற்றித் தட்டியதில், 'கணக்கு பூட்டப்பட்டுவிட்டது' என்ற மூன்றாவது செய்தியும் வந்து சேர்ந்தது.

இது பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிய கம்ப்யூட்டர்களில், பத்து முறை தவறாகத் தட்டினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். பெரிய நிறுவனங்களில் மூன்றாவது, ஐந்தாவது முறையிலேயே பூட்டும்படி வைத்திருப்பார்கள். திருடன் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் திறக்காது. அதனால் இரண்டு முறை தவறினால் கையை எடுத்துவிடுவதே நல்லது.

"பத்து நிமிஷம் எதையும் தொடாதே. குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு வா" என்றேன். அந்த இடைவெளியில் விசாரித்தேன். முந்தின வாரம் ஒருநாள் அலுவலகம் போயிருக்கிறாள். எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று சார் சொல்ல, இவளும் மாற்றியிருக்கிறாள். கூடவே சுலபமாக இருக்கட்டும் என்று நாலு இலக்க பின் நம்பர் ஒன்றும் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அந்த நாலு இலக்கத்தைத் தட்டித்தான் உள்ளே போனாள்.

வினை அங்கேதான். வீட்டு லேப்டாப் பழைய பாஸ்வேர்டை ஞாபகம் வைத்திருந்து அதையே அனுப்பியது, அலுவலகக் கம்ப்யூட்டர் மறுத்தது. பிறகு இவள் கையால் தட்டியது பின் நம்பரை. விண்டோஸ் பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து தட்டுவதற்கு மட்டும்தான். தூரத்திலிருந்து நுழைய அது செல்லாது. முழு பாஸ்வேர்டே வேண்டும். தினமும் பின் நம்பரோ விரல் ரேகையோ போட்டுப் பழகிய நமக்கு உண்மையான பாஸ்வேர்டு என்ன என்பதே மறந்துபோயிருக்கும். நல்லவேளை, தங்கை அதை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். (அது பாதுகாப்பு இல்லை என்று திட்டலாம்தான். அன்றைக்குத் திட்ட மனசு வரவில்லை.)

பத்து நிமிடம் கழித்துப் புதிய பாஸ்வேர்டைத் தட்டினாள். மறுபடியும் 'விவரங்கள் சரியில்லை'.

"பாஸ்வேர்டு சரிதாண்ணே! ஒவ்வொரு எழுத்தா பாத்துத் தட்டினேன்."

பாஸ்வேர்டு சரிதான். பெயர்தான் தவறு. சேமித்திருந்த பழைய விவரத்தை அழித்ததும், அந்தப் பெட்டி வீட்டு லேப்டாப்பின் மின்னஞ்சல் கணக்கை எடுத்துக் காட்டியிருக்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அந்த ஆளையே தெரியாது. பெட்டியின் கீழே 'மோர் சாய்சஸ்' என்று இருக்கும். அதைத் தட்டி, வேறு கணக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, அலுவலகக் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு \ குறி, பிறகு அங்கே உங்களுக்குள்ள பயனர் பெயர் என்று தட்ட வேண்டும். இது சரியாக எப்படி இருக்கும் என்று அறிய ஒரு வழி உண்டு. அடுத்த முறை அலுவலகம் போகும்போது, அங்குள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஹூ ஆம் ஐ' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். 'நான் யார்?' என்று நீங்கள் கேட்க, அது உங்கள் முழுப் பெயரைக் காட்டும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதே காலுக்கு டேலி திறந்தது.

இன்னும் சில காரணங்களும் உண்டு. சின்ன அலுவலகங்களில் பாஸ்வேர்டே வைக்காமல் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவார்கள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் தூரத்திலிருந்து உள்ளே விடாது. தமிழில் தட்டச்சு செய்துவிட்டு மொழியை மாற்ற மறந்தால், புள்ளிகளாகத் தெரியும் பாஸ்வேர்டில் நீங்கள் தட்டுவது என்னவென்றே தெரியாது. விசைப்பலகை பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருந்தால் @ குறியும் " குறியும் இடம் மாறிவிடும். உங்கள் பெயருக்கு ரிமோட் அனுமதியே தரவில்லை என்றால், திரை அதை வெளிப்படையாகவே சொல்லும். அதை நிர்வாகிதான் தர முடியும். நேர வித்தியாசம் என்று செய்தி வந்தால் இரண்டு கம்ப்யூட்டரிலும் தேதி, மணி பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும்.

உள்ளே போன பிறகு பாஸ்வேர்டை மாற்ற நினைத்தால், கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தாதீர்கள். அது உங்கள் வீட்டு லேப்டாப்புக்குத்தான் போகும். டெலீட்டுக்குப் பதில் எண்ட் விசையை அழுத்துங்கள்.

அவசரத்தில் செய்யக் கூடாதது

இந்த மாதிரி இரவுகளில்தான் மனிதர்கள் ஏமாறுகிறார்கள். இணையத்தில் 'ரிமோட் டெஸ்க்டாப் உதவி' என்று தேடி, முதலில் வரும் நம்பரை அழைக்கிறார்கள். எதிர்முனையில் இனிமையாகப் பேசுபவர், ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லித் திரையைத் தன் கைக்குள் கொண்டுபோய்விடுவார். பிறகு ஓடிபி கேட்பார். அலுவலகப் பாஸ்வேர்டைக் கேட்கும் அந்நியர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

சில வீடியோக்கள், விபிஎன் எதற்கு, ரவுட்டரில் 3389 என்ற வாசலைத் திறந்துவிடுங்கள், வேலை சுலபம் என்கின்றன. ரிமோட் டெஸ்க்டாப்புக்கான எண் அது என்பது உலகத்துக்கே தெரியும். அதைத் திறந்து வைத்தால் யார் யாரோ இரவு பகலாக வந்து பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர்களின் கணக்கை வைத்திருக்கும் அலுவலகத்தில் அந்த விளையாட்டே வேண்டாம்.

அன்று மூன்றாவது கடைக்காரரின் ரிட்டர்ன் தாக்கலானபோது மணி 11.10. 'முடிஞ்சிருச்சுண்ணே' என்று வாட்ஸ்அப் வந்தது. பின்னாலேயே, தூங்காமல் விழித்துக்கிடந்த மருமகனின் போட்டோ.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய சாரிடமிருந்து அவளுக்கு அழைப்பு. பயந்துகொண்டே எடுத்திருக்கிறாள்.

"ஏம்மா, வீட்ல என் லேப்டாப்லயும் உள்ள விட மாட்டேங்குது. நேத்து உங்க அண்ணன்கிட்டதானே கேட்ட? நம்பர் கொடு."